காக்காவின் கணினியும் ஒழுகிய பெட்டரியும்

கட்டாருக்குப் போகும்போது காக்கா, என் அண்ணன், தன் பழைய வீட்டுக் கணினியை என்னிடம் விட்டுப் போனார்.

"உள்ளுக்க ஈயத்தால ஒட்டின பெட்டரி ஒண்டு இருக்கு தங்கச்சி. ஒழுக முந்தி மாத்திரு" என்றார்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் போனில் அதைப் பற்றிக் கேட்பார். "ஓம் காக்கா, மாத்துறன்" என்பேன்.

இன்றுதான் கல்முனையில் ஒரு கணினி திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். திறந்தால், உள்ளே பெட்டரியைச் சுற்றிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது.

"பெட்டரி ஒழுகி சர்க்கிட் போர்ட அரிச்சிட்டு. புதுசு போட்டாலும் இனி வேல செய்யாது" என்றார் கடைக்காரர்.

கடை வாசலிலேயே நின்று காக்காவுக்குப் போனில் கோல் எடுத்துச் சொன்னேன்.

"விடு தங்கச்சி. நானும் பெத்த உம்மா கண்ண மூடி மௌத்தாகும் மட்டும் வாறன் வாறன் எண்டுதானே சொன்னன்."

திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

உதிரிப்பாகத்துக்காக யார் கேட்டாலும் அந்தக் கணினியைக் கொடுப்பதாக இல்லை. கேட்டுத்தான் பாருங்களேன்.