ஆறாவது கோப்பை

அன்று ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி மேனேஜர் வீட்டுக் கூடத்தில் அவரும் அவர் மனைவியும் நானும் இருந்தோம். அப்பா வரவில்லை. வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டிருந்தார். நான் பி.யு.சி. சர்டிபிகேட்டோடு குமாஸ்தா வேலை கேட்டுப் போயிருந்தேன்.

மேனேஜர் மெலிந்த மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. பழைய பீங்கான் சேர்ப்பதும் அதிலேயே சாப்பிடுவதும் அவருக்குப் பெருமை. எதைக் கையில் எடுத்தாலும் நகத்தால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். கீறல் இருந்தால் சத்தம் செத்துவிடுமாம்.

“இந்த ஆறு கோப்பையும் ஆற்காட்டுல ஒரு பெரிய வூட்ல வாங்குனது. நூறு வருஷத்து சாமான், தம்பி. ஆறும் இருந்தா ஆயிரம் ரூபா. ஒண்ணு கொறஞ்சா மீதி அஞ்சும் சேத்தே நூறுதான் போவும்.”

அந்த ஆறில் ஒரு தங்க விளிம்புக் கோப்பையில் எனக்கும் டீ வந்தது.

“நாளைக்கே வேலைக்கு வந்துடு,” என்றார். நான் குடித்து முடித்ததும் கேட்டார்: “அப்பா இன்னா பண்றாரு?”

“சுண்ணாம்புக் குழியில எறங்குறாருங்க.”

அவர் மனைவி அவரைப் பார்த்தார். நான் கோப்பையை மேசையில் வைக்கப் போனேன்.

“அங்க வெக்காத!” என்றார் மேனேஜர். “நீயே எடுத்துக்கினு போ. வேலைக்கு அப்புறமா சொல்லி அனுப்புறேன்.”

நூறு வருஷமாக யார் யார் வாயோ பட்ட கோப்பை. அதெல்லாம் அவருக்குக் குமட்டவில்லை. என் வாய் பட்டதுதான் குமட்டியது.

கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தேன். தெருமுனை திரும்புமுன் அதை எறிந்து உடைக்கும் சத்தம் கேட்டது. கணீரென்ற சத்தம், கீறலே இல்லாத கோப்பை.

அதைக் கழுவி வைத்திருக்கலாம். கழுவாததற்கு அவருக்கு ஆன செலவு தொள்ளாயிரம் ரூபாய்.