தானாக நீந்திய பேழை

ரத்லைக் எங்கள் மடத்தில் ஆண்டு நடப்பு எழுதுகிறவர். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஈஸ்டர் எந்த நாளில் வரும் என்று கணக்கிட்டு வைத்த தோல் ஏடு ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில் விரலகல வெற்றிடம். அந்த ஆண்டின் பெரிய விஷயத்தை அங்கே ஒரு வரி எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு வரி! அதற்குத் தனி மேசை, கணப்புக்குப் பக்கத்தில் இடம், வயல் வேலையிலிருந்து விலக்கு. மடத்து அடுப்படியில் தினமும் வேகிற எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எண்ணூற்று எழுபத்து மூன்றாம் ஆண்டு மார்ச்சில் மைன் ஆறு பெருகி, ஆற்றோரச் சிற்றாலயத்தில் புகுந்து, எங்கள் புனிதரின் எலும்புகள் இருந்த மரப்பேழையை இழுத்துக்கொண்டு போனது. பண்ணையாள் ஓட்கிஸ் குதித்தான். எதிரோட்டத்தில் பேழையைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் ஏற்றினான். ஏற்றிய கையோடு கால் வழுக்கி ஆற்றோடு போய்விட்டான். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. ரத்லைக் மேட்டில் நின்று கூச்சல் போட்டதோடு சரி. நானும் அங்கேதான் நின்றேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

மறுவாரம் ஏட்டில் வரி ஏறியிருந்தது: "புனிதரின் பேழை வெள்ளத்தை எதிர்த்துத் தானாக நீந்திக் கரை சேர்ந்தது."

ஓட்கிஸின் மனைவி ஹில்டிஸ்நோட் ரத்லைக்கின் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, பாவத்தச் சொல்லி மன்னிப்பு வாங்காமலே செத்துட்டாரு. ஏட்டுல பேரு இருந்தா வருசா வருசம் நீங்கல்லாம் ஜெபிப்பீங்க. ஒரே ஒரு பேருதான், எழுதிடுங்க சாமி."

"ஆளு தள்ளிக்கிட்டு வந்தா அது எப்படிம்மா அற்புதம்?"

"அப்ப எம் புருசன் எதுக்கு ஆத்துல எறங்குனாரு? குளிக்கவா?"

"எடம் இல்லம்மா" என்று இறகுப் பேனாவைச் சீவ ஆரம்பித்தார் ரத்லைக். நாலெழுத்துப் பெயருக்கு இடமில்லையாம். தூ!

ஆகஸ்டில் வெட்டுக்கிளி வந்தது. வயலில் கதிர்த்தாள்கூட மிஞ்சவில்லை. பூச்சியை விரட்ட, புனிதரின் எலும்புகளோடு வயலைச் சுற்றி வருவதற்காக மறைமாவட்ட ஆயர் வந்தார். வந்தவரிடம் எங்கள் மடத்துத் தலைவர் ஏட்டைப் பெருமையாகக் காட்டினார். ஆயருக்கு ஆசை வந்துவிட்டது.

"எங்க, எங்கண்ணு முன்னால ஒரு தடவ நீந்தட்டும்."

ரத்லைக்கின் முகம் வெளிறியது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் கையாலேயே பேழையை ஆற்றில் விட்டார்.

பேழை எல்லா மரப்பெட்டியும் போகிற பக்கம்தான் போயிற்று. கரையில் ஊரே நின்றது. இறங்கக்கூடிய ஆண்கள் முப்பது பேராவது இருப்பார்கள்.

"டேய், யாராவது குதிங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார் ரத்லைக்.

ஒருவரும் அசையவில்லை. ஹில்டிஸ்நோட் கையைக் கட்டிக்கொண்டு, "ஏன் சாமி பதறுறீங்க? தானா வந்துரும்" என்றாள்.

பேழை வளைவு தாண்டி மறைந்தது. அத்தோடு வரவே இல்லை. ஆயர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். நான் சமைத்த விலாங்கு மீனெல்லாம் வீண்.

ரத்லைக் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கத்தியால் பழைய வரியைச் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் புதிதாக எழுதினார்: "இவ்வூர்ப் பெண்ணொருத்தியின் பாவத்தால் புனிதர் எங்களைவிட்டு நீங்கினார்."

அடுப்படி வாசலுக்கு வந்த ஹில்டிஸ்நோட், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"அவரு பேரு?"

"இல்லம்மா."

போகத் திரும்பியவள் மறுபடி வாசலுக்கு வந்தாள்.

"பொண்ணொருத்தின்னு மொட்டையா எழுதுனா எப்படி? எம் பேர எழுதச் சொல்லுங்க. ஓட்கிஸ் பொண்டாட்டி ஹில்டிஸ்நோட்னு, முழுசா."