மூத்தவனின் பிறந்த தேதி

பெரியபட்டினம் இபுராகிம் காக்கா மவுத்தாகிவிட்டார் என்று அவர் மகன் எழுதிய கார்டு போன வாரம் சென்னைக்கு வந்தது. அது கைக்குக் கிடைக்கும் முன்பே அடக்கம் முடிந்திருந்தது. இராமநாதபுரம் கோர்ட்டு வாசலில் அவருடைய டைப் மெஷின் முன்னால் வெயிலில் நின்றவர்கள் நம்மில் பலர். அடித்ததை உரக்க வாசிக்காமல் யாரிடமும் அவர் ரேகை வாங்கியதில்லை. "வாசிச்சுக் காட்டாம வாங்குற கைநாட்டு களவு" என்பார். எனக்கு அவர் அடித்துத் தந்த தாளைப் பற்றி இதுவரை யாரிடமும் நான் பேசியதில்லை. பயம்தான் காரணம்.

பி.எஸ்ஸி. முடித்து ஜெர்மனியில் மேற்படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தேன். நம்மூர்ப் பட்டத்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் பிறப்புக்கும் அத்தாட்சி வேண்டும் என்றார்கள். கடற்கரைக் கிறிஸ்தவனுக்கு அத்தாட்சி மாதா கோயிலின் ஞானஸ்நானப் புத்தகம்தான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருந்த தேதியைச் சொல்லிப் பாம்பன் சாமியாரிடம் ஞானஸ்நானச் சீட்டு வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் நகலெடுக்கக் காக்காவிடம் கொடுத்தேன். பாதி அடித்தவர் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இந்தச் சீட்டுப்படி ஒன்றரை வயசுலயே நீ செத்துப்போயிட்டியேப்பா."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். சீட்டின் ஓரத்தில் சிலுவை போட்டு, மரித்த நாளும் எழுதியிருந்தது. பெயர் என் பெயர். தாய் தகப்பனும் என் தாய் தகப்பன்.

புனிதருக்கு நேர்ந்த பெயரை எங்கள் பக்கம் சும்மா விடுவதில்லை. பிள்ளை தவறினால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயர். எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்து இறந்தான் என்று தெரியும். பள்ளியில் என்னைச் சேர்க்கும்போது அவன் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் தெரியாது. அப்படியானால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை பாஸானவன் அவன்.

"ஓரத்துல இருக்கத விட்டுட்டு அடிங்க காக்கா" என்று கெஞ்சினேன்.

"மாட்டேன். கடல் கடந்து போறவன் நீ. அங்கன ஒனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எந்தப் புள்ளைக்குன்னு இங்கன தந்தி வரும்?"

தேதியைத் திருத்த, மூத்தவன் இறந்ததை வீட்டார் எழுத்தில் சொல்ல வேண்டும். அய்யா அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அம்மாதான் சொல்ல வேண்டும். மறு ஞாயிறு காக்காவே அடித்த தாளும் மைப்பெட்டியுமாக ரயிலேறிப் பாம்பனுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டு அம்மா கொஞ்சமும் அதிரவில்லை.

"தெரிஞ்சுதான் குடுத்தேன். இவன் பள்ளிக்கூடம் போகயில அவன மட்டும் எதுக்கு வீட்டுல நிறுத்தணும்? ரெண்டு பேரும்தான் படிச்சாங்க."

என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காக்கா அவசரப்படவில்லை. மூத்தவன் எப்படி இருப்பான் என்று கேட்டார். வலைக் குவியல்மேல் போட்டால்தான் தூங்குவான், காதுக்குப் பின்னால் மச்சம் என்று அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டுத்தான் காக்கா, அம்மாவை அக்கா முறை வைத்துச் சொன்னார்: "லாத்தா, மூத்தவன் படிச்சு முடிச்சுட்டான். இனிமே அவன எங்கயும் அனுப்ப வேணாம்."

பிறகு தாளை முழுக்க வாசித்தார். அம்மா வெகுநேரம் கழித்துக் கட்டைவிரலை நீட்டினாள். வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இவன் யாரு?"

பெற்றவள் கேட்கிறாள். காக்கா அதே தாளை எடுத்துக் கடைசி வரியை மட்டும் மறுபடி வாசித்தார்: "'என் இளைய மகன் உயிரோடு இருக்கிறான்.' இதுக்கும் சேத்துத்தான் லாத்தா கைநாட்டு வச்சிருக்கீக." அம்மா எட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

தேதி திருத்தியாயிற்று. பட்டத்தை ஜெர்மனியில் ஏற்றார்கள். போய்ப் படித்துத் திரும்பியும் வந்தேன். ஆனால் அம்மா கடைசி வரை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வந்து நிற்பது யார் என்று ஒரு கணம் உற்றுப் பார்ப்பாள். அப்போதெல்லாம் எனக்கே சந்தேகம் வந்துவிடும். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, காக்கா தந்த கார்பன் நகலின் கடைசி வரியை வாசிப்பேன். அம்மாவும் போய்விட்டாள், காக்காவும் போய்விட்டார். இன்றைக்கும் வாசித்தேன்.