கெர்லிண்டேவுக்கு விழாத சிவப்பு அட்டை

பெர்லினில் நாடாளுமன்றத்தில் தரை துடைக்க நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள், என் கையுறைகள் பனியில் நனைந்துவிட்டன. உறுப்பினர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டும் கெர்லிண்டே, ஒரு மந்திரியின் கோட்டை நகர்த்திவிட்டு, சூட்டுக்குழாய்மேல் அவற்றைக் காயப்போட்டிருக்கிறாள். மாலையில் கதகதப்பாக என் பைக்குள் இருந்தன. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

கணவன் விட்டுப்போனபின் ஒற்றை ஆளாக மகன் ஹென்னிங்கை வளர்த்தவள். அவனும் என் மகன் பெனடிக்டும் பட்டாளத்தில், ஆளுக்கொரு வெளிநாட்டில் இருந்தார்கள். எங்கள் அரசாங்கம் தன் இஷ்டத்துக்குப் பட்டாளத்தை வெளியே அனுப்ப முடியாது; நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதமும் ஒரு வருடத்துக்குத்தான். பிறகு மறுபடி ஓட்டு. நீல அட்டை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். ஓட்டு நாளில் நாங்கள் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி காத்திருப்போம். நான் ஜெபமாலை உருட்டுவேன். அவள் கேலி செய்வாள்.

ஒரு வருடம் இரண்டு ஓட்டும் ஒரே மதியம் வந்தன. பெனடிக்ட் இருந்த நாட்டுக்குச் சிவப்பு அதிகம் விழுந்தது. அவன் வீடு திரும்பலாம். ஹென்னிங் இருந்த நாட்டுக்கு நீலம்.

கெர்லிண்டேயின் ஊர் உறுப்பினர் கோட்டுக்கு வந்தார். எப்போதும் தோளில் பிடித்து மாட்டிவிடுவாள். அன்று மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"என் ஊர்க்காரரு, உன் பையனுக்குச் சிவப்பு போட்டாரு. என் பையனுக்கு நீலம்" என்றாள் என்னிடம்.

"அது வேற நாடு, இது வேற நாடு, கெர்லிண்டே."

"பையன் பையன்தானே. உங்க மாதா நல்லாத்தான் சிபாரிசு பண்றாங்க. எங்க புராட்டஸ்டண்ட் சபையில அவங்ககிட்ட கேக்குற வழக்கம் இல்லையே."

அதன்பின் ரொட்டியைத் தனியாகத் தின்றாள். ஒருநாள் என்னை அழைத்துப்போக பெனடிக்ட் வந்தான். அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். சதை போட்டுவிட்டாயே என்றாள். அவன் பதில் சொல்லுமுன் உள்ளே போய்விட்டாள். ஹென்னிங்குக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்று சொன்னால், "உன் வேலைதான் முடிஞ்சுதே, இப்ப மாதாவுக்கு ஓய்வாத்தான் இருக்கும்" என்பாள். என்றாலும் ஜெபித்தேன். இன்றும் ஜெபிக்கிறேன்.

அடுத்த ஓட்டுக்குச் சில நாள் முன்பு அவள் ஓய்வுபெற்றாள். ஊருக்குப் போகும் ரயில்வரை அவள் பையைத் தூக்கிச் சென்றேன். அந்த ஓட்டும் நடந்து முடிந்தது. நான் அவளுக்கு இன்னும் போன் செய்யவில்லை. அன்று ரயிலில் ஏறும்போது, என் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தாள்:

"சிவப்பு விழுந்தா மட்டும் போன் பண்ணு, அகாதே. நீலம்னா வேண்டாம். மகன் வீட்டுல இருக்கிறவ வாயால அதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல."