மகளைத் தாண்டிச் செய்த சத்தியம்

மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தெருக்கள் போட ஆரம்பித்த காலம் அது. ஏரிக்குக் கீழே எனக்கு ஒரு கீரைத் தோட்டம் இருந்தது. ஏரி போன பிறகு மழைத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. நேராக எங்கள் தோட்டங்களுக்குள் வந்து நின்றது. எனக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் வடிகால் ஒன்று ஓடியது. அதை அகலப்படுத்தினால்தான் பாத்திகள் பிழைக்கும். யார் பக்கத்து மண்ணை வெட்டுவது என்பதில் சண்டை வந்தது.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் அவருக்கு, ஆறு வயது. எனக்கோ அப்போது மூக்குக்கு மேல் கோபம். எல்லைக்கல்லை அவர் என் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்று முழுமனதாக நம்பினேன். என் கிணற்றிலிருந்து கல்லுக்குப் பதினெட்டுக் காலடி வைக்க வேண்டும் என்று செத்துப்போன என் அப்பா சொல்லியிருந்தார். நான் நடந்து பார்த்தால் பதினாறுதான் வந்தது.

"கல்லு இருந்த எடத்துலதாம்பா கீது. நான் தொடக்கூட இல்ல" என்றார்.

"அப்போ கொழந்தையப் போட்டுத் தாண்டு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பெற்ற பிள்ளையைத் தரையில் கிடத்தித் தாண்ட வேண்டும். சொன்னது பொய்யானால் பிள்ளையை அம்மன் எடுத்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம். அப்படிக் கேட்கிற வாய் அழுகிப் போக வேண்டும் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்று கேட்டவன் நான்தான்.

கோயில் வாசலில் பத்துப் பேர் பார்க்க அவர் தாண்டினார். அப்பாவின் வேட்டி முகத்தில் பட்டதும் அந்தப் பெண் விளையாட்டென்று நினைத்துக் கிளுக்கென்று சிரித்தது. அதன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சத்தியம் செய்த பிறகு கல்லைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் வீம்பு போகவில்லை. வருஷா வருஷம் இருவரும் சேர்ந்து வடிகாலைத் தூர் வாருவோம். அந்த வருஷம் நான் மண்வெட்டியைத் தொடவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாமல் அவர் வீட்டு வாசல் வரைக்கும் பாசி பூத்து, கொசு மொய்த்து நின்றது. கார்த்திகையில் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்தாம் நாள் பெண் போய்விட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பொய்ச் சத்தியம் பிள்ளையை வாங்கிவிட்டது என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர்களை மறுக்கவும் இல்லை. மனசுக்குள் 'பார்த்தாயா' என்று ஒரு எண்ணம் ஓடியது. எழுதக் கை கூசுகிறது.

ஒரு மாதம் கழித்து அவரே வந்தார்.

"தம்பி, கல்ல நீ சொன்ன எடத்துலயே நட்டுக்க. எனக்கே தெரியாம எப்பனா நவுத்திட்டன் போலக்கீது. இல்லாங்காட்டி ஆத்தா எம் பொண்ணு மேல கை வச்சிருக்க மாட்டா."

மறுநாள் காலையில் கடப்பாறையால் கல்லைப் பெயர்த்தேன். அடியில் குழி நிறையக் கரி இருந்தது, இறுகிப்போய். எல்லைக்கல் நடும்போது குழியில் கரி போடுவது அந்தக் காலத்து வழக்கம். கரி மண்ணில் மக்காது. பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. கல் நட்ட நாளிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அப்பா குள்ளம், நான் நெட்டை. அவருடைய பதினெட்டு அடி எனக்குப் பதினாறு. இது அதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை.

கல்லை அதே குழியில் நட்டுவிட்டு, ஒரு கை கரியைத் துண்டில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் வாழை மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்தேன்.

"அண்ணே, நீ சொன்னது நெஜம்ண்ணே. கல்லு நவுரவே இல்ல. தப்பு எம்மேலதான்."

இதைக் கேட்டால் அவர் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் கரியை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நான் பொய் சொல்லலியா?"

"இல்லண்ணே."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ எம் பொண்ணு இன்னாத்துக்குச் செத்துது?"