குத்தவைக்க முடியாத கால்

சாமிகளா,

போன லீவில் ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, பெரியவளே, நீ பின்னாலேயே வந்து, "அப்பா, நெசமாலுமே வலிக்குதா?" என்று கேட்டாய். தம்பி உன் தாவணியைப் பிடித்துக்கொண்டு என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ உங்களிடம் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "வலிக்குது சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது கேஸ் நடந்துகொண்டிருந்தது. இப்போது முடிந்துவிட்டது. உங்கப்பன் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இதில் எழுதுகிறேன். பொறுமையாய்ப் படியுங்கள்.

நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவன். லாரியின் அடிச்சட்டமான சேஸ் மேல் மரமும் இரும்புமாய் உடம்பு ஏறுவதற்கு முன்னால், அடியில் குறுக்குச் சட்டங்களைப் பற்றவைக்க வேண்டும். அதை நின்றுகொண்டும் செய்ய முடியாது, படுத்துக்கொண்டும் செய்ய முடியாது. முட்டியை மடக்கிக் குத்தவைத்து உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து நகர்ந்துதான் போகவேண்டும். பதினாறு வயதிலிருந்து நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடும்போதுகூட அப்படித்தான் உட்காருவேன் என்று உங்கம்மா கேலி பேசுவாள்.

விபத்து நடந்தது ஒரு சாயங்காலம். வேலை முடிந்து மொபெட்டில் வந்தேன். புதுச்சத்திரம் தாண்டி நம் ஊருக்குத் திரும்பும் சர்வீஸ் ரோட்டில், முட்டை ஏற்றிய வேன் ஒன்று எதிர்ப்புறமாகத் தவறான பக்கத்தில் வந்தது. நான் ஒதுங்கினேன். அவனும் அதே பக்கம் ஒதுங்கினான். கண் திறந்து பார்த்தபோது ரோடெல்லாம் மஞ்சள் கரு. என் காலில் வழிவதில் எது முட்டை, எது ரத்தம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த வேன் டிரைவர் சின்னப் பையன். ஓடிப்போகவில்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணா, கண்ணை மூடாதீங்ண்ணா" என்று அழுதுகொண்டே இருந்தான். அதையும் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் நொறுங்கியிருக்கிறது, முட்டியும் கெட்டிருக்கிறது, சீழ் பிடித்தால் காலை எடுக்கவேண்டி வரலாம் என்றார்கள். ஆபரேஷன் நடந்த நேரத்தில் உங்கம்மா சேலைத் தலைப்பில் மஞ்சள் தடவி ஒரு காசை முடிந்து, நம் ஊர் மாரியம்மனிடம், "கால் நின்னா அவரு பூ மிதிப்பாரு தாயே" என்று நான் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. நான் மயக்கத்தில் இருந்தேன். கால் நின்றது. உள்ளே ராடு வைத்துத் தைத்தார்கள்.

வார்டில் இருந்தபோதே ஒருவர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். சொந்தக்காரர் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் யாரோ ஒரு வக்கீலின் ஆள்; பழத்துக்கு அடியிலிருந்து வக்காலத்துத் தாளை எடுத்தார். "ஒரே ஒரு கையெழுத்துங்ண்ணா, மீதிய நாங்க பாத்துக்குவோம்" என்றார். "மொதல்ல அவரு எந்திரிச்சு ஒக்காரட்டும். பொறவு கையெழுத்தப் பாத்துக்கலாம். பழத்த எடுத்துட்டுப் போங்க" என்று உங்கம்மா சொல்லிவிட்டாள். அவர் பழத்தை எடுத்துக்கொண்டுதான் போனார்.

பட்டறை முதலாளி சொல்லித்தான் நம் கேஸை நடத்திய வக்கீலம்மாவிடம் போனோம். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பெண். ஆபீஸ் நாமக்கல்லில் ஒரு மாடியில். படிக்கட்டைப் பார்த்ததும் நான் கீழேயே நின்றுவிட்டேன். அவரே இறங்கி வந்து, கீழே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கால் ஒடிஞ்சவங்களுக்குத்தான் கேஸ் நடத்தறேன். ஆபீஸு மாடியில. ஓனரு கீழ எடம் தரமாட்டேங்கறாருங்கண்ணா, என்ன பண்றது" என்று சிரித்தார்.

விபத்தைப் பற்றிக் கேட்பார் என்று நான் மனதுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தேன். அவர் எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் தாள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு வேறு கேட்டார்.

"காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க. என்னென்ன செய்வீங்க?"

"வலிக்குமுங்க மேடம்."

"வலிக்குதுன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க. எதச் செய்ய முடியலைன்னு சொல்லுங்க. அதத்தான் மனுவுல எழுத முடியும். கக்கூஸுக்கு எப்படிப் போறீங்க?"

உங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை அறுத்து வைத்திருப்பதை நான்தான் சொன்னேன். அவர் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார். பட்டறையில் என்ன வேலை, எப்படி உட்காருவேன், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கேட்டு எழுதினார். கூலிக்குச் சீட்டு எதுவும் கிடையாது என்றபோது, முதலாளியே கோர்ட்டுக்கு வந்து சொல்லவேண்டும் என்றார். மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்; அங்கே டாக்டர் என் முட்டியை மடக்கிப் பார்த்து ஊனச் சான்று கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் வக்கீலம்மாவின் குமாஸ்தா கூடவே வந்தார். ஜெயித்தால் வருவதில் இருந்துதான் தன் பீஸ் என்று வக்கீலம்மா முதல் நாளே உடைத்துப் பேசிவிட்டார்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "கேஸ் முடியற வரைக்கும் எங்க போனாலும், புதுசா என்ன செஞ்சாலும், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணா."

"சரிங்க மேடம்" என்றேன்.

அடுத்த வருசம் மாரியம்மன் பண்டிகை சாட்டினார்கள். கோயிலில் கம்பம் நட்ட அன்றே நான் பூ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டேன். வக்கீலம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேஸ் என்பது கோர்ட்டில் நடப்பது. பூமிதி என்பது எனக்கும் அம்மனுக்கும் நடுவில் உள்ளது. இரண்டும் ஓரிடத்தில் வந்து சந்திக்கும் என்று நம்மைப்போன்ற ஆட்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் இருவரும் அன்றைக்கு உங்கள் அப்பாத்தா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். குண்டத்தில் விறகு எரிந்து தணலாகியிருந்தது. ஊன்றுகோலோடு இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே மனம் ஒப்பவில்லை. கோலை உங்கம்மா கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். பூவில் நடக்க முட்டி மடங்கவேண்டியதில்லை. காலைக் கட்டைபோல வீசி வீசிப் போய்விடலாம். குண்டத்தின் அந்தக் கடைசியில், கால் நனைக்கும் பால் குழியில் உங்கள் சித்தப்பன் என்னைத் தாங்கிப் பிடித்தான். பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன். வீட்டுக்கு வந்து எத்தனை நாள் படுத்துக் கிடந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் அக்கா பையன் அதைச் செல்லில் பிடித்து, 'எங்க மாமா மாஸ்' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். பெருமைக்குத்தான் போட்டான், பாவம். அதில் நான் தணலில் நடப்பது இருக்கிறது. பால் குழி வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

அதுதான் ஊரெல்லாம் சுற்றியது. டீக்கடையில் நான் கோலை ஊன்றிக்கொண்டு போனபோது, "பூ மிதிக்க கால் இருக்குது, பட்டறைக்குப் போகத்தான் இல்ல" என்று ஒருவர் சொன்னார். "கோர்ட்டு வாசல்ல இன்னும் நல்லா நொண்டோணும் மாப்ள, இது பத்தாது" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே வாரம்தான் நீ என்னிடம் கேட்டாய்.

சுற்றிய வீடியோ இன்சூரன்ஸ்காரர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யப்போவதாகத் தெரிந்ததும் வக்கீலம்மா உடனே வரச் சொன்னார். அதே ஜெராக்ஸ் கடை பெஞ்சு. செல்லை என் முன்னால் நீட்டினார்.

"ஏனுங்கண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சாமி காரியமுங்க மேடம். கேசுல வருமுன்னு தெரீலீங்க."

"சாமி காரியந்தான். வீடியோ புடிச்சது சாமி இல்லையே?"

பக்கத்தில் நின்ற குமாஸ்தா மெதுவாகச் சொன்னார்: "பொகையில மொகம் தெளிவா இல்லீங்க மேடம். இவருக்குத் தம்பி இருக்காரு. அதே ஜாடை..."

வக்கீலம்மா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். "பூவுல எறங்குனது யாருங்கண்ணா?"

ராடு எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி. பட்டறைக்கு இனி போகமுடியாது. உங்கள் படிப்பு. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நின்றது. "நான்தானுங்க" என்றேன். "அம்மனுக்கு நான் மிதிச்சத அவன் மிதிச்சான்னு எப்படீங்க சொல்றது?"

"அப்ப கூண்டுலயும் அதையே சொல்லுங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். முக்கியமா, நடிக்காதீங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

விசாரணை நாளன்று வந்த இன்சூரன்ஸ் வக்கீல் வயதானவர்; மரியாதையாகவே பேசினார். வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டு, "இது நீங்கதானுங்களே?" என்றார்.

"நான்தானுங்க."

"கையில கோல் இல்ல. யாரும் புடிக்கல. நெருப்புல நடக்கிறீங்க. சரிதானுங்களா?"

"சரிதானுங்க."

"இந்தக் காலுலதான் வேலை செய்ய முடியலைன்னு மனு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. கேஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். பெஞ்சில் உங்கம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் வக்கீலம்மா எழுந்தார். பூமிதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பட்டறையில சட்டம் பத்தவைக்கும்போது எப்படி இருப்பீங்க?" என்றார்.

"குத்தவெச்சு ஒக்காந்துக்குவனுங்க."

"இப்ப அப்படி ஒக்காந்து காட்டுங்க."

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, இது சாட்சியமல்ல என்று ஆட்சேபித்தார். நீதிபதி என்னை ஒரு தரம் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று என்னையே கேட்டார். தலையை ஆட்டினேன். கோலைக் கூண்டில் சாய்த்துவிட்டு இறங்கி வந்தேன்.

சாமிகளா, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கோர்ட்டுக்கு வரும் வழியில், பஸ்ஸில், இன்னும் கொஞ்சம் கூட்டி நொண்டினால் என்ன என்று நினைத்தவன்தான் நான். ஆனால் அத்தனை பேர் நடுவில் வேட்டியை மடித்துக்கொண்டு இடுப்பை இறக்கியபோது அந்த நினைப்பு ஒன்றும் இல்லை. எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் முழுமூச்சாய் முயன்றேன். பதினாறு வயதிலிருந்து உட்கார்ந்த மாதிரி ஒரு தரம் உட்கார்ந்துவிட மாட்டோமா என்று. உட்கார்ந்திருந்தால் கேஸ் அங்கேயே முடிந்திருக்கும். அதுகூட ஞாபகத்தில் இல்லை. இடது கால் மடங்கியது. வலது கால் தரையில் நீட்டிக்கொண்டு வழுக்கிப் போனது. பக்கவாட்டில் சாய்ந்து கையை ஊன்றி விழுந்தேன்.

என்னை முதலில் தூக்கியது யார் தெரியுமா? பக்கத்தில் இருந்த அந்த இன்சூரன்ஸ் வக்கீல்தான். "பாத்துங்க, பாத்துங்க" என்று அக்குளில் கைகொடுத்தார். மனுதாரரால் குத்தவைத்து உட்கார இயலவில்லை என்பதை நேரில் பார்த்ததாக நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் வக்கீலம்மா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "மன்னிச்சுக்குங்கண்ணா. உங்க சம்சாரம் முன்னால அப்படிப் பண்ணச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "டீ ஆறுதுங்க மேடம்" என்றேன்.

தீர்ப்பு வர மாதக்கணக்கானது. கேட்ட அளவு வரவில்லை. போர்டு கொடுத்த ஊன அளவை நீதிபதி கொஞ்சம் குறைத்துத்தான் கணக்கில் எடுத்தார். அந்த வீடியோவும் அதற்கு ஒரு காரணம் என்று வக்கீலம்மா மறைக்காமல் சொன்னார். ஆனால், வேண்டுதலுக்காகச் சில நிமிடம் நடந்தவரை வேலைக்குத் தகுதியானவர் என்று சொல்லமுடியாது என்றும் நீதிபதி எழுதியிருந்தார். அந்த இடத்தை வக்கீலம்மா எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினார். மேல் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். ஆபரேஷனுக்கும் உங்கள் படிப்புக்கும் ஆகும், போதுமுங்க என்றேன். இப்போது அதே பட்டறையில் நின்றபடி செய்யும் வேலை கொடுத்திருக்கிறார் முதலாளி. சட்டம் அறுக்கும் மெஷின். அடிக்குப் போய்ப் பற்றவைக்கும் வேலையை வேறு ஆட்கள் செய்கிறார்கள். நான் அந்தப் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

பெரியவளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். வலி எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. சில நாள் வலிக்காது. ஆனால் வலிக்காத நாளிலும் மடங்காது.

தீர்ப்பு நகல் வாங்கிய அன்று பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வராமல் கோயில் ஸ்டாப்பில் இறங்கினேன். பண்டிகை இல்லாத காலம். குண்டத்தை மண் போட்டு மூடியிருந்தார்கள். மேலே புல் முளைத்து, யாருடைய ஆடோ இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இந்தமுறை கோலை ஊன்றிக்கொண்டே, அந்தக் கடைசி வரைக்கும் மெதுவாய் நடந்தேன். பால் குழி இருந்த இடத்தில் சிறிது நேரம் நின்றேன். செருப்பு நான் நடக்க ஆரம்பித்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுக்கத் திரும்பவும் நடந்தேன்.