இன்னொருவர் கண்ணுக்குப் பொருத்திய ஸ்கோப்

கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூடியபடியே துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தை வைத்து, தலை தானாக எங்கே போய் அடங்குகிறதோ அங்கே அடங்கவிட வேண்டும். பிறகுதான் திறக்க வேண்டும். திறந்த கண் ஏமாற்றும். காட்சியைத் தேடிக் கழுத்தை நீட்டும், சுருக்கும், எப்படியாவது சமாளித்துவிடும். மூடிய கண்ணுக்குச் சமாளிக்கத் தெரியாது. ஒருவர் இப்படிப் படுத்திருக்க, இன்னொருவர் துப்பாக்கிமேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை அதன் பிடிவளையங்களுக்குள் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவார். பார்க்கும் வட்டம் முழுதாக நிறைந்ததும் படுத்திருப்பவர் "ம்" என்பார். கண் கொஞ்சம் விலகினாலும் போதும், ஓரத்திலிருந்து பிறை மாதிரி ஒரு கறுப்பு உள்ளே ஊர்ந்து வரும்.

நான் அண்ணே என்று கூப்பிடும் அவருக்கு அந்தக் கறுப்பைப் பிடிக்காது.

"வருது, வருது, கறுப்பு வருது" என்று, நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தின் புறப்பகுதியான கிளென் ஈடனில், தன் வீட்டுக் கராஜின் தரையில், பழைய யோகா பாயில் குப்புறப் படுத்தபடி கத்துவார். "பின்னுக்கு எடும் தம்பி. பின்னுக்கு எண்டால் உங்கட ஊரிலை முன்னுக்கோ?"

"அண்ணே, நீங்க தலைய ஆட்டாம இருங்க முதல்ல."

அவர் யாழ்ப்பாணம். நான் மதுரைப் பக்கம். அவர் ஒடாஹுஹுவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க உற்றுப் பார்த்துக் கண் வலிக்கிற இருவர், சனிக்கிழமையானால் இன்னும் உற்றுப் பார்ப்பதற்காகவே சந்தித்துக்கொண்டோம். எனக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரும் முன் போலீஸிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, இவருக்குக் கோபம் வருமா என்று என் மனைவியிடம் கேட்டபோது, கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் வரும் என்றாள். குடும்பத்துக்கு வெளியே ஒருவரும் உத்தரவாதம் சொல்ல வேண்டும், எனக்குச் சொன்னது அவர்தான். இவன் ஒரு பூச்சியைக்கூட அடிக்கமாட்டான், அதனாலேயே இவனோடு வேட்டைக்குப் போக முடியாது என்று சொன்னாராம்.

வேட்டைக்கு அவரும் போனதில்லை. இரண்டு பேரும் காகிதத்தை மட்டுமே சுட்டோம். துப்பாக்கியை வீட்டிலேயே கூட்டிச் சேர்ப்போம்: எங்கேயோ பழையதாக வாங்கிய இயக்கப்பகுதி, துப்பாக்கி வேலை தெரிந்த ஒருவர் பூட்டிக்கொடுத்த குழல், மாதக்கணக்கில் அவர் கையால் இழைத்துத் தேய்த்து எண்ணெய் ஊட்டிய கட்டை. ஆனால் துப்பாக்கி ஒருநாள் முடிந்துவிடும். முடிந்த பொருளோடு என்ன செய்வது? முடியாதது அதன் தலைமேல் இருக்கும் ஸ்கோப்தான், அந்தக் கண்ணாடிதான். இதைவிடத் தெளிவாக ஒன்று இருக்கும், இதைவிட அகலமாக ஒன்று இருக்கும், அந்தி மங்கியபின் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைப் பிடித்துவைக்கும் ஒன்று எங்கேயோ யாரோ ஒருவர் அலமாரியில் இருக்கும். அவர் கழற்றுவார், பூட்டுவார், விற்பார், மாற்றுவார். அவருடைய துப்பாக்கி ஒரே துப்பாக்கியாக இருந்துகொண்டு, ஒவ்வொரு முறையும் வேறோர் ஆளின் கண்ணால் பார்த்தது.

ஒருமுறை கேட்டேன். சுடும் திடலில், இருவருக்கும் நடுவில் சான்ட்ரிங்ஹாம் கடையில் வாங்கிய ரோல்ஸ் பொட்டலம் பிரிந்து கிடந்தது.

"அண்ணே, அங்க இருந்து வந்த உங்களுக்கு இது எப்படி கையில எடுக்கத் தோணுது?"

அவர் மென்றுகொண்டே இருந்தார். "அங்கை ஆமிக் காவலரணுக்கு முன்னாலை சைக்கிளிலை போவன். உள்ளுக்கிருந்து ஆரோ பாக்கிறான் எண்டு தெரியும். ஆர் எண்டு தெரியாது. இஞ்சை பாக்கிறது நான் எண்டு தெரியும்." விரலைத் துடைத்தார். "அவ்வளவுதான். கடைசி ரோல் உமக்கோ எனக்கோ?"

அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்புப் பிறை என் வட்டத்தின் ஓரத்தில் எப்போது வந்தாலும் ஒரு சைக்கிள் அதற்குள் போவது போல இருக்கும்.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று உண்டு. ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள் நேராக நிற்க வேண்டும். அதற்காகக் கராஜ் கதவில் தையல் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். நூலோடு கோடு ஒட்டிப்போனால் நேர். என்னுடையது ஒட்டிப்போகும். அவருடையது ஒருநாளும் ஒட்டாது. எப்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.

"அண்ணே, சாஞ்சிருக்கு."

"நூல் சாஞ்சிருக்கு."

"நூல் எப்படிண்ணே சாயும்? கீழே இழுக்கறது பூமி."

"அப்ப கராஜ் சாஞ்சிருக்கு. இந்த வீட்டை வாங்கேக்கையே சொன்னனான், மனிசி கேக்கேல்லை."

சாய்ந்திருந்தது அவர் தலை. கல்யாணப் படங்களிலும், கோயில் திருவிழாப் படங்களிலும், யாரோ அருகிலிருந்து இரகசியம் சொல்வதைக் கேட்பவர் போல அந்தத் தலை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்தே இருக்கும். அந்தத் தலைக்கு அந்தக் கோடு நேர். அதோடு கிட்டப்பார்வை வேறு. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சுடமாட்டார். அதனால் ஸ்கோப்பில் கண் வைக்கும் முனையில் இருக்கும் வளையத்தைத் தன் கண்ணுக்கு ஏற்ப நன்றாகத் திருகி வைத்துவிடுவார். வேறு யார் பார்த்தாலும் மூடுபனிக்குள் ஒரு சாய்ந்த கோடு. யார் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாலும் அவருக்கு ஒரே சிரிப்பு. "கள்ளன் எடுத்தாலும் பிரயோசனமில்லை" என்பார்.

ஒரு குளிர்காலக் காலையில், வேலை செய்யும் இடத்தில், மேசையில் கையூன்றி நின்றவர் அப்படியே உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் எழவில்லை. இதயம். செய்தி வந்தபோது நான் எதையோ சோதித்துக்கொண்டிருந்தேன். திரையில் இருந்தது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை.

சடங்குகள் முடிந்தபின் அவர் மனைவி அழைத்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். லைசென்ஸ் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது, தெரிந்தவர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று போலீஸில் சொல்லியிருந்தார்கள். போய் எடுத்துவந்தேன். உறையோடு காரில் வைத்தபோது அக்கா வாசலிலேயே நின்றார். கராஜுக்குள் வரவில்லை. நூலும் நட்டும் கதவில் அசையாமல் தொங்கின.

என் வீட்டு இரும்புப் பெட்டியில் சில வாரங்கள் அது கிடந்தது. பிறகு ஒரு பகல், வீட்டில் யாரும் இல்லாதபோது, உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்று பார்த்து, தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் படுத்தேன். கண்ணை மூடினேன். கன்னத்தை வைத்தேன். திறந்தேன்.

கறுப்பு. ஒரு பக்கமிருந்து பாதி வட்டத்தை அடைத்துக்கொண்டு கறுப்பு.

அவருக்கு நீளமான கழுத்து. என் கழுத்தை நீட்டினேன், கறுப்பு பின்வாங்கியது. கோடு சாய்ந்து நின்றது. தலையை இடப்பக்கம் சரித்தேன், கோடு நிமிர்ந்தது. மூடுபனி மட்டும் போகவில்லை. அதற்குள் என் பின்தோட்டத்து வேலி ஒரு பழுப்பு நிறமாக, மரம் ஒரு பச்சை நிறமாக இருந்தன. கண்வளையத்தைத் திருகினால் தெளிந்துவிடும் என்று கைக்குத் தெரியும். கையைக் கட்டையிலேயே வைத்துக்கொண்டேன். அப்போதுதான் உணர்ந்தேன், தரையில் கிடப்பது என் உடம்பு இல்லை. நீட்டிய கழுத்து அவருடையது. சரிந்த தலை அவருடையது. ஒரு மனிதர் படுத்து எழுந்துபோன குழிக்குள் நான் என்னை ஊற்றிவிட்டிருந்தேன். காதருகே யாரோ எதையோ சொல்லத் தொடங்குவது போல, அதைக் கேட்கத்தான் தலை சாய்ந்திருக்கிறது போல.

அடிக்கடி படுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"என்னங்க, தலைய ஏன் இப்படி ஒரு பக்கமா வச்சிட்டு நடக்கறீங்க?" என்றாள் மனைவி. "கழுத்து பிடிச்சிருக்கா?"

"இல்லையே."

"கண்ணாடில பாருங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

பார்த்தேன். எனக்கும் என்னமோ மாதிரி இருந்தது.

அக்காவின் அழைப்பு வசந்தகாலத்தில் வந்தது.

"தம்பி, துவக்கு எனக்கு வேண்டாம். அதை நீங்களே வைச்சிருங்கோ, இல்லாட்டி வித்துப்போடுங்கோ. மேலை பூட்டியிருக்கிற கண்ணாடியைக் கழட்டித் தாறீங்களோ? அது வைச்சிருக்க லைசென்ஸ் தேவையில்லையாம், கேட்டனான்."

"தரேன் அக்கா. எதுக்குன்னு..."

"அவர் சனிக்கிழமை சனிக்கிழமை அதுக்குள்ளை என்னத்தைப் பாத்தவர் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. ஒருக்கா நானும் பாப்பம்."

நியாயம். ஆனால் கழற்றினால் போயிற்று. கழுத்தின் நீளம் போகும், தலையின் சாய்வு போகும். இரண்டும் எங்கேயும் எழுதப்படாதவை. அந்தக் கட்டைக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மட்டும் இருப்பவை. அந்தத் திருகாணிகளைத் தளர்த்தும் நொடியில் அவர் எழுந்து போய்விடுவார், இந்த முறை என் கையால். அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்றேன். அடுத்த வாரம் சளி என்றேன். அதற்கடுத்த முறை திருகாணி துருப்பிடித்து இறுகிவிட்டது என்றேன்.



"அவர் மாசத்துக்கு ஒருக்காக் கழட்டிப் பூட்டின சாமான்" என்றார் அக்கா. "உங்களுக்கு மட்டும் இறுகிப்போச்சோ?"

அந்த ஞாயிறு காலையில் கழற்றினேன். கழற்றும் முன், துப்பாக்கி கூட்டிச் சேர்க்கும் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் செய்வது போல, ஸ்கோப் இருந்த இடம் தவறாமலிருக்க பிடிவளையத்தின் இரு பக்கமும் குழாயில் வெள்ளை டேப் ஒட்டி, மேலே ஒரு பென்சில் கோடும் போட்டேன். கண்வளையம் அசையாமலிருக்க அதைச் சுற்றியும் டேப். இவ்வளவும் செய்தபின் திருகாணிகள் எந்த எதிர்ப்பும் இல்லாமல், அவமானப்படுத்துகிற மாதிரி, மெதுவாக இளகின. தூக்கியபோது குழாயில் பழைய பிடிவளையங்களின் மங்கிய தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. எத்தனை முறை நகர்த்தியிருக்கிறார் மனிதர்.

கிளென் ஈடன் வீட்டின் பின்பக்கத்து மரத்தளத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். எதிரே பள்ளம், அதற்கப்பால் வீடுகள், அவற்றின் முதுகில் மலை. துணியில் சுற்றியதைப் பிரித்துக் கொடுத்தேன். வாங்கியவர் முதலில் டேப்பைப் பார்த்தார்.

"என்ன இது, ஆஸ்பத்திரியாலை வந்த மாதிரி? கையிலை ஒட்டுது." நான் வாயைத் திறப்பதற்குள் நகத்தால் உரித்து, உருட்டி, தோட்டத்துப் பக்கம் எறிந்துவிட்டார். பிறகு கண்ணில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார்.

"இதுக்குள்ளை ஒண்டும் தெரியேல்லையே தம்பி. இதையோ இவ்வளவு காலமும் பாத்தவர்?"

சொன்னேன். அது அவர் கண்ணுக்கு வைத்தது, அப்படியே இருக்கட்டும் என்று யாரும் தொடாமல் கொண்டுவந்தேன், இப்போது நீங்கள் பார்ப்பது அவருடைய கண் என்றேன். 

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலில் என் முகத்தை. பிறகு என் தலையை.

"அவர்ரை கண் பழுதான கண், தம்பி. கண்ணாடியைப் போடுங்கோ, கண்ணாடியைப் போடுங்கோ எண்டு எத்தினை வருசம் கத்தினனான். ஆள் போன பிறகும் நான் அந்தக் கண்ணாலையோ பாக்கோணும்?" அவர் கை கண்வளையத்தைத் தானாகவே கண்டுபிடித்திருந்தது. "உதைத் திருப்பினா வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் அக்கா. ஆனா..."

திருப்பினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரு இடத்தில் கை நின்றது. என் நெஞ்சில் ஏதோ மூச்சு விடுவது போல இருந்தது. அது வலியா ஆறுதலா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

"ஓ" என்றார். "ஓ. மரத்திலை இலை தனித்தனியாத் தெரியுது."

குழாயை மெல்ல நகர்த்தினார். மலை, கூரைகள், யாரோ ஒருவருடைய முற்றம். முகத்தில் இறுகியிருந்த சதை தளர்ந்தது.

"அங்கை ஒரு மனிசி கொடியிலை உடுப்புக் காயப்போட்டிருக்குது. சின்னப் பிள்ளையளின்ரை உடுப்பு. மலையிலை மழை இறங்குது, அவ ஏன் இன்னும் எடுக்கேல்லை? வெளியிலை வா பிள்ளை, வா..." பள்ளத்துக்கு அப்பால் இருந்த அந்தப் பெண்ணுக்கு இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "வாறா, வாறா. ஓடுறா. ஐயோ, மழை அவவின்ரை கூரைக்கு வந்திட்டுது."

சட்டென்று குழாயை இறக்கினார்.

"என்ரை உடுப்பு!"

படிகளில் இறங்கி ஓடினார், ஸ்கோப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு. ஒரு கையால் கிளிப்புகளைப் பிடுங்கிப் புல்லில் போட்டார், துணிகளைத் தோளில் அள்ளினார். முதல் துளிகள் மரத்தளத்தில் விழுந்தன. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி! நிண்டு பாத்துக்கொண்டிராமல் அந்தக் கூடையைக் கொண்டு வாங்கோ!"

கூடை கதவடியில் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.